நேம்டு பைப்பில் ரேஸ் கண்டிஷன்: தேடிப் பிடித்துத் தீர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

நூறு தடவை ஓட்டினால் தொண்ணூற்றொன்பது தடவை ஒழுங்காக முடிகிறது, ஒரு தடவை மட்டும் அப்படியே நின்றுவிடுகிறது. நேம்டு பைப் (ஒரு ப்ராசஸ் எழுத இன்னொன்று படிக்கும், பெயருள்ள குழாய்; ஃபைஃபோ என்றும் சொல்வார்கள்) வழியாக இரண்டு ப்ராசஸ்களைப் பேசவைத்த எல்லோரும் இப்படி ஒருநாள் புலம்பியிருப்பார்கள். அடுத்து நடப்பதும் தெரிந்ததுதான். யாராவது ஒருவர் நடுவில் ஒரு நொடி ஸ்லீப் போடுவார், சிக்கல் காணாமல் போகும். சர்வரில் சுமை ஏறும் நாளில் அது திரும்பி வரும். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து முடிவு மாறும் இந்தக் கோளாறுதான் ரேஸ் கண்டிஷன். நானும் ஒருமுறை அப்படி ஸ்லீப் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து நள்ளிரவில் அதே வரியின் முன்னால் போய் உட்கார்ந்தவன்தான்.

இங்கே சொல்வதெல்லாம் லினக்ஸுக்கு. விண்டோஸில் இதே பெயரில் இருப்பது வேறு பொருள், அதன் விதிகளும் வேறு. கட்டளைகளையும் ஃப்ளாகுகளையும் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது அவற்றின் வழக்கமான எழுத்தில் அடியுங்கள்.

கடைசிவரை ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். பின்னணியில் ஒரு வொர்க்கர் ஓடுகிறது. ‘கட்டளை’ என்ற ஃபைஃபோவிலிருந்து வரி வரியாகப் படித்து, வேலையை முடித்து, ‘பதில்’ என்ற ஃபைஃபோவில் எழுதுகிறது. பல கிளையன்ட் ஸ்கிரிப்ட்கள் அவ்வப்போது வந்து ஒரு வரி எழுதிவிட்டுப் போகின்றன.

கெர்னல் எதற்கெல்லாம் பொறுப்பேற்கிறது?

டீபக் செய்யும் முன் இதில் தெளிவு வேண்டும். நேம்டு பைப்பில் பாதி ரேஸ்கள், கெர்னல் தராத ஓர் உத்தரவாதத்தை நாமாகக் கற்பனை செய்துகொண்டதால் வருபவை.

ஃபைல் சிஸ்டத்தில் இருப்பது பெயர் மட்டுமே. தரவு கெர்னலின் நினைவகத்தில் இருக்கிறது. படிப்பதற்காக ஓப்பன் செய்தால், எழுத யாராவது ஓப்பன் செய்யும்வரை அந்த ஓப்பனே காத்திருக்கும். எழுதுவதற்காக ஓப்பன் செய்தாலும் அதேபோல் எதிர்முனைக்காகக் காத்திருக்கும். ‘காத்திருக்காதே’ என்னும் ஓ_நான்பிளாக் ஃப்ளாகைக் கொடுத்தால் கதை மாறும். படிப்பதற்கான ஓப்பன் உடனே வெற்றி பெறும். எழுதுவதற்கான ஓப்பன், எதிரில் படிப்பவர் இல்லாவிட்டால் இஎன்எக்ஸ்ஐஓ பிழையோடு திரும்பும்.

பைப்_பஃப் என்ற வரம்புக்குள் அடங்கும் ஒரு ரைட் அழைப்பு, வேறொருவருடைய ரைட்டோடு கலக்காது. இந்த அளவு குறைந்தது 512 பைட் இருக்க வேண்டும் என்கிறது யூனிக்ஸ் வகைகளுக்கான தரநிலையான போசிக்ஸ். லினக்ஸில் 4096 பைட். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகக் கலக்கலாம். இதைப் பைப்பின் மொத்தக் கொள்ளளவோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கொள்ளளவு லினக்ஸில் வழக்கமாக 65,536 பைட். அது நிரம்பினால் ரைட் காத்திருக்கும்.

ரீட் அழைப்புக்குச் செய்தியின் எல்லை தெரியாது. இருப்பதைத் தரும்: அரை வரியாகவும் இருக்கலாம், இரண்டரை வரியாகவும் இருக்கலாம். எழுதும் முனைகள் எல்லாம் மூடியதும் ரீட் 0 தரும். படிக்கும் முனைகள் எல்லாம் மூடியபின் எழுதினால் சிக்பைப் சிக்னல் வரும், அதைத் தடுத்திருந்தால் இபைப் பிழை வரும். இரு பக்கமும் மூடிவிட்டால், படிக்கப்படாமல் உள்ளே கிடந்த தரவு சத்தமில்லாமல் அழிந்துவிடும். இந்தக் கடைசி விதியை மறந்துவிடாதீர்கள், பின்னால் நிறையத் தேவைப்படும்.

படி 1: அறிகுறியைப் பிரித்துப் பாருங்கள்

‘சில நேரம் வேலை செய்யவில்லை’ என்பதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. என்ன நடந்தது என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். இரண்டும் நின்றுபோனால் ஓப்பன் வரிசையையோ நிரம்பிய பஃபரையோ சந்தேகியுங்கள். வரிகள் நடுவில் வெட்டுப்பட்டு வேறு வரியோடு ஒட்டியிருந்தால், எழுதுபவர்களோ படிப்பவர்களோ ஒன்றுக்கு மேல் இருக்கிறார்கள். ஒரு செய்தி மட்டும் காணாமல் போனால் மூடித் திறக்கும் இடத்தில் கோளாறு. ஷெல்லில் கிளையன்ட் 141 என்ற எக்ஸிட் கோடோடு செத்தால் அது 128 கூட்டல் 13, அதாவது சிக்பைப். வொர்க்கர் ஒரு சிபியு கோரை முழுதாகத் தின்றால், அது 0 தரும் ரீட்டையோ போல்ஹப்பையோ (எதிர்முனை மூடிவிட்டது என்று போல் அழைப்பு தரும் குறி) பார்த்தும் கவனிக்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு அறிகுறியைப் பலரும் கவனிப்பதில்லை: ‘கட்டளை’ என்ற இடத்தில் பைப்பே இல்லை, சாதாரண கோப்பு ஒன்று இருக்கிறது. எல்எஸ் கட்டளையின் நீளப் பட்டியலில் வரியின் முதல் எழுத்து ‘பி’ என்று இருக்க வேண்டும். அங்கே ‘-’ என்ற கோடு இருந்தால், வொர்க்கர் எம்கேஃபைஃபோ கட்டளையால் பைப்பை உருவாக்கும் முன்பே ஒரு கிளையன்ட் ஷெல்லின் ‘>’ குறியால் எழுதியிருக்கிறது, ஷெல் புதிய கோப்பை உருவாக்கிவிட்டது. அதன்பின் எம்கேஃபைஃபோ ‘ஏற்கெனவே உள்ளது’ என்று தோற்றிருக்கும். அந்தப் பிழையை உங்கள் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் ‘/டெவ்/நல்’லுக்கு அனுப்பியிருந்தால் யாருக்கும் தெரியாது.

படி 2: நின்றுபோன ப்ராசஸைக் கொல்லாதீர்கள்

ஹேங் ஆன ப்ராசஸ் கையில் கிடைத்த சாட்சி. ரீஸ்டார்ட் செய்யும் கை அரிப்பைக் கொஞ்சம் அடக்குங்கள். முதலில் ‘/ப்ராக்’ கோப்பகத்தில் அந்த பிஐடியின் (ப்ராசஸ் எண்ணின்) கீழ் உள்ள ‘டபிள்யூசான்’ கோப்பைப் படியுங்கள். ‘வெயிட்_ஃபார்_பார்ட்னர்’ என்று வந்தால் ப்ராசஸ் ஓப்பனிலேயே எதிர்முனைக்காகக் காத்திருக்கிறது. ‘பைப்_ரீட்’ என்றால் தரவுக்காகவும், ‘பைப்_ரைட்’ என்றால் பஃபரில் இடத்துக்காகவும் காத்திருக்கிறது. பழைய கெர்னல்களில் கடைசி இரண்டுக்கும் ‘பைப்_வெயிட்’ என்று வரும்.

அடுத்து யார் யார் அந்தப் பைப்பைப் பிடித்திருக்கிறார்கள் என்று, திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் மூலம் பாருங்கள். எழுதும் முனையை நீங்கள் எதிர்பார்க்காத ஒரு ப்ராசஸ் பிடித்திருந்தால் விடை அங்கேயே கிடைத்துவிட்டது. வொர்க்கரோ கிளையன்டோ ஃபோர்க் செய்த (தன் நகலாக உருவாக்கிய) ஏதோ ஒரு சைல்டு அந்த டிஸ்கிரிப்டரை (திறந்த முனைக்குக் கெர்னல் தரும் எண்ணை) வாரிசாகப் பெற்று மூடாமல் வைத்திருக்கிறது, அதனால் ரீட்டுக்கு 0 வரவே வராது. ஓப்பன் செய்யும்போதே ஓ_க்ளோஎக்ஸெக் கொடுத்திருந்தால், அந்த சைல்டு வேறு நிரலை எக்ஸெக் செய்த கணத்தில் டிஸ்கிரிப்டர் தானாக மூடியிருக்கும்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. ஓப்பனிலேயே காத்திருக்கும் ப்ராசஸிடம் இன்னும் டிஸ்கிரிப்டரே இல்லை. எனவே எல்எஸ்ஓஎஃப் பட்டியலில் அது தெரியாது. ‘இந்த கிளையன்ட் பைப்பைத் தொடவேயில்லை’ என்ற தவறான முடிவுக்கு நான் ஒருமுறைக்கு மேல் வந்திருக்கிறேன்.

ஐநோடு எண்ணையும் (ஃபைல் சிஸ்டம் ஒவ்வொரு கோப்புக்கும் தரும் அடையாள எண்) ஒப்பிடுங்கள். வொர்க்கர் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பழைய பைப்பை அழித்துப் புதிதாக உருவாக்கினால், பெயர் ஒன்றாகவும் பைப் இரண்டாகவும் ஆகிவிடும். கிளையன்ட் பழைய ஐநோடில் காத்திருக்கும், வொர்க்கர் புதிய ஐநோடில் காத்திருக்கும். ஓப்பன் முடிந்துவிட்டவர்கள் விஷயத்தில் எல்எஸ்ஓஎஃப் ‘அழிக்கப்பட்டது’ என்ற குறிப்போடு இதைக் காட்டிக்கொடுக்கும். ஓப்பனில் சிக்கியிருப்பவரைப் பார்க்க ஸ்ட்ரேஸை (ஒரு ப்ராசஸ் கெர்னலுக்குச் செய்யும் சிஸ்டம் கால்களைப் பதிவுசெய்யும் கருவி) ஒட்டினால் வேடிக்கையான ஒன்று நடக்கலாம். ஸ்ட்ரேஸ் ஒட்டுவது அந்த ஓப்பனைக் குறுக்கிடுகிறது, கெர்னல் அழைப்பை முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறது. பெயர் மீண்டும் தேடப்படுவதால் இந்தமுறை புதிய பைப் கிடைத்துவிடும். பார்க்கப் போனீர்கள், நோய் குணமாகிவிட்டது! ஒட்டியவுடன் ஹேங் விலகினால் ஐநோடு மாறியதை முதலில் சந்தேகியுங்கள். இதனால்தான் டபிள்யூசானை முதலிலும் ஸ்ட்ரேஸைப் பிறகும் வைத்தேன்.

படி 3: எல்லா ப்ராசஸ்களுக்கும் சேர்த்து ஒரே காலவரிசை

தனித்தனி லாக் கோப்புகளை வைத்து ரேஸைப் பிடிக்க முடியாது. நிரல் லாக் எழுதும் நேரம் வேறு, சிஸ்டம் கால் நடந்த நேரம் வேறு. த்ரெட்சானிட்டைசர் போன்ற கருவிகளும் இங்கே கைகொடுக்காது. அவை ஒரு ப்ராசஸுக்குள் த்ரெட்கள் பகிரும் நினைவகத்தைத்தான் கவனிக்கின்றன.

வொர்க்கரையும் ஒவ்வொரு கிளையன்டையும் ஸ்ட்ரேஸின் கீழ் ஓட்டுங்கள். சிறிய ‘எஃப்’ இரண்டு முறை கொடுத்தால் ஃபோர்க் ஆகும் சைல்டுகளும் தனித்தனிக் கோப்புகளாக வரும். சிறிய ‘டி’ மூன்று முறை கொடுத்தால் மைக்ரோ நொடி வரை நேரம் வரும், பெரிய ‘டி’ ஒவ்வொரு அழைப்பும் எடுத்த கால அளவைக் காட்டும், ‘ஒய்’ டிஸ்கிரிப்டர் எண்ணோடு கோப்பின் பாதையையும் காட்டும். ‘எஸ்’ தெரிவில் 200 போல ஏதாவது கொடுங்கள், இல்லாவிட்டால் சரங்கள் 32 எழுத்தோடு வெட்டப்படும். ஓப்பன்அட், ரீட், ரைட், க்ளோஸ், போல் ஆகியவற்றை மட்டும் வடிகட்டினால் போதும். எல்லோருக்கும் ஒரே வெளியீட்டு முன்னொட்டைக் கொடுத்தால், ஸ்ட்ரேஸோடு வரும் ‘ஸ்ட்ரேஸ்-லாக்-மெர்ஜ்’ எல்லாவற்றையும் நேர வரிசையில் ஒரே கோப்பாக்கித் தரும்.

படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வரியில் இருப்பது அழைப்பு தொடங்கிய நேரம். ஒரு ஓப்பன் இரண்டு நொடி காத்திருந்தால் அது உண்மையில் முடிந்தது இரண்டு நொடிக்குப் பிறகு, ஆனால் வரி மேலேயே இருக்கும். ‘இதற்கு அப்புறம் அது’ என்று சொல்லும் முன் கால அளவைக் கூட்டிப் பாருங்கள்.

நம் உதாரணத்தில் செய்தி தொலையும்போது வரும் காலவரிசை ஏறத்தாழ இப்படி இருக்கும்:

12.004101 — வொர்க்கர்: ரீட், 0 திரும்பியது
12.004150 — கிளையன்ட்: எழுதுவதற்கு ஓப்பன், வெற்றி
12.004158 — கிளையன்ட்: ரைட் 18 பைட், வெற்றி
12.004163 — கிளையன்ட்: க்ளோஸ்
12.004171 — வொர்க்கர்: க்ளோஸ்
12.004190 — வொர்க்கர்: மறுபடி படிப்பதற்கு ஓப்பன், காத்திருக்கிறது

முந்தைய கிளையன்ட் போய்விட்டதால் வொர்க்கருக்கு 0 கிடைத்தது. ‘முடிந்தது, மூடிவிட்டு மறுபடி திறப்போம்’ என்று அது முடிவெடுத்தது. அந்த 70 மைக்ரோ நொடிக்குள் அடுத்த கிளையன்ட் வந்து எழுதிவிட்டுப் போய்விட்டது. படிக்கும் முனை இன்னும் திறந்திருந்ததால் கிளையன்டின் ஓப்பன் தடையின்றி நடந்தது, ரைட்டும் 18 என்று திருப்பியது. பிறகு இரு பக்கமும் மூடின, 18 பைட்டும் அழிந்தன. கிளையன்டின் லாக்கில் ‘அனுப்பிவிட்டேன்’ என்று இருக்கும், வொர்க்கரின் லாக்கில் ஒன்றும் இருக்காது, இருவர் சொல்வதும் உண்மைதான். கிளையன்ட் எழுதும் முன்பே வொர்க்கர் மூடியிருந்தால் இதே ரேஸ் சிக்பைப்பாக வெளிப்பட்டிருக்கும். வொர்க்கர் மறுபடி திறக்கும்வரை கிளையன்ட் மூடாமல் இருந்திருந்தால் செய்தி பிழைத்திருக்கும். மைக்ரோ நொடிக் கணக்கில் ஒரே பிழை மூன்று முகம் காட்டுகிறது. மூன்று தனித்தனி பக் ரிப்போர்ட்டுகளாக இது உங்களிடம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

படி 4: இடைவெளியை நீங்களே அகலமாக்குங்கள்

ஸ்ட்ரேஸ் ப்ராசஸை மெதுவாக்கும், அதனாலேயே ரேஸ் ஒளிந்துகொள்ளலாம். வருமா வராதா என்று காத்திருக்காமல் வரவழையுங்கள். சந்தேகப்படும் இடைவெளி 70 மைக்ரோ நொடி என்றால் அதை அரை நொடியாக்கிப் பாருங்கள். ஸ்ட்ரேஸின் இன்ஜெக்ட் வசதி இதற்கென்றே இருக்கிறது: ‘இன்ஜெக்ட்=க்ளோஸ்:டிலே_என்டர்=500000’ என்று வொர்க்கருக்குக் கொடுத்தால் ஒவ்வொரு க்ளோஸும் தொடங்கும் முன் 5 லட்சம் மைக்ரோ நொடி தாமதிக்கும். நூற்றில் ஒருமுறை வந்த பிழை இப்போது ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வந்தால், நீங்கள் நினைத்த காரணம் சரி. வரவேயில்லை என்றால் தவறான இடைவெளியைப் பிடித்திருக்கிறீர்கள், காலவரிசைக்குத் திரும்புங்கள். சோர்ஸ் கோடைத் தொடாமல் ஓர் ஊகத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஸ்ட்ரேஸ் இல்லாத இடத்தில் ஜிடிபி டீபக்கரில் ரீட்டுக்கும் க்ளோஸுக்கும் நடுவே பிரேக்பாயின்ட் வைத்து வொர்க்கரை நிறுத்திவிட்டு, கிளையன்டை ஓடவிட்டுப் பிறகு தொடரலாம். சிக்ஸ்டாப், சிக்கன்ட் சிக்னல்களாலும் முடியும், ஆனால் சரியான வரியில் நிறுத்துவது குருட்டு அதிர்ஷ்டம். எல்லா ப்ராசஸ்களையும் டாஸ்க்செட் மூலம் ஒரே கோரில் கட்டிப்போட்டால் ஷெட்யூலரின் வரிசை மாறும், மறைந்திருந்த சில ரேஸ்கள் அப்போது தலைகாட்டும்.

படி 5: காரணத்துக்கு ஏற்ற தீர்வு

*மூடித் திறக்கும் ரேஸ்.* வொர்க்கர் மூடவே கூடாது. படிக்கும் முனையைத் திறந்த கையோடு எழுதும் முனையையும் தானே ஒன்று திறந்து சும்மா வைத்துக்கொள்ள வேண்டும். எழுதுபவர் ஒருவர் எப்போதும் இருப்பதால் ரீட் 0 தராது. அடுத்த கிளையன்ட் வரும்வரை அமைதியாகக் காத்திருக்கும், போல்ஹப்பால் சிபியு எரிவதும் நிற்கும். லினக்ஸில் ஓ_ஆர்டிடபிள்யூஆர் கொண்டு ஒரே ஓப்பனில் இதைச் செய்யலாம். ஷெல்லில் ‘<>’ குறி அதே வேலையைச் செய்யும். போசிக்ஸ் இதை வரையறுக்கவில்லை என்பதால் வேறு யூனிக்ஸிலும் ஓட வேண்டிய நிரல் என்றால் இரண்டு ஓப்பன் செய்யுங்கள். முதலாவதுக்கு ஓ_நான்பிளாக் கொடுக்க மறந்தால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

*வெட்டுப்படும் வரிகள்.* ‘எங்கள் செய்தி 80 பைட்தான், 4096-க்குள் இருக்கிறது, எப்படிக் கலக்கும்?’ என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரைட் அழைப்பு எத்தனை பைட் என்று பார்த்தீர்களா என்பதே. சி நூலகத்தின் ஸ்டாண்டர்டு ஐஓ, வெளியீடு டெர்மினல் இல்லை என்று கண்டால் முழு பஃபரிங்குக்கு மாறிவிடும். 80 பைட் வரிகள் உள்ளே சேர்ந்து சேர்ந்து, 4096 நிரம்பியதும் ஒரே ரைட்டாகப் போகும். 4096-ஐ 80-ஆல் வகுத்தால் மீதி 16. ஆகவே கடைசி வரியின் 16 பைட் இந்த ரைட்டில், மிச்சம் 64 அடுத்த ரைட்டில். நடுவில் வேறு கிளையன்ட் புகுந்தால் வரி கிழிந்தது. கெர்னல் தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கிறது, ஒவ்வொரு ரைட்டும் முழுசாகத்தான் போயிருக்கிறது. வரியின் எல்லை எங்கே என்று அதற்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஸ்ட்ரேஸில் சரியாக 4096 பைட் ரைட்கள் தெரிந்தால் வழக்கு முடிந்தது. ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் ஃப்ளஷ் செய்து பஃபரைக் காலியாக்குங்கள், அல்லது செய்தியை நினைவகத்தில் கட்டி முடித்து ஒரே ரைட் அழைப்பாக அனுப்புங்கள். சோர்ஸ் இல்லாத நிரலை ‘எஸ்டிடிபஃப்’ மூலம் வரி பஃபரிங்கில் ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் ஸ்டேட்டிக்காக லிங்க் செய்த நிரல்களில் அது பலிக்காது.

செய்தி உண்மையிலேயே 4096-ஐத் தாண்டும் என்றால் பூட்டுக்கென வைத்த கோப்பு ஒன்றில் எஃப்லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் பூட்டு) எடுத்துவிட்டு எழுத வேண்டும். படிக்கும் பக்கத்தில் எப்போதும் பகுதி ரீட்டை எதிர்பாருங்கள். புதுவரிக் குறி வரும்வரையோ, தலைப்பில் சொன்ன நீளம் நிரம்பும்வரையோ சேர்த்துவைத்தபின் கையாளுங்கள்.

*படிப்பவர் இருவர்.* ஒரே பைப்பிலிருந்து இரண்டு வொர்க்கர் படித்தால் வேலை தானாகப் பகிரப்படும் என்ற ஆசை பலருக்கு உண்டு. ஷெல்லின் ரீட் கட்டளை பைப்பில் ஒவ்வொரு பைட்டாகப் படிக்கிறது, காரணம் பைப்பில் பின்னோக்கிப் போக வழியில்லை. இரண்டு ஷெல் வொர்க்கர்கள் ஒரே வரியின் எழுத்துகளை மாறி மாறிப் பொறுக்கிக்கொள்ளும். படிப்பவர் ஒருவராக இருக்கட்டும், பகிர்வதை அவர் செய்யட்டும். ‘பதில்’ பைப்பைப் பல கிளையன்ட்கள் பகிர்வதும் இதே தவறு: ஒருவருக்கான பதிலை இன்னொருவர் படித்துவிடுவார். ஒவ்வொரு கிளையன்டும் தனக்கென ஒரு தற்காலிகக் கோப்பகத்தில் பதில் பைப்பை உருவாக்கி, அதன் பாதையைக் கட்டளையோடு அனுப்புவதே சரி.

*ஓப்பன் வரிசை.* வொர்க்கர் கட்டளையை முதலில் திறக்கிறது, கிளையன்ட் பதிலை முதலில் திறக்கிறது என்றால் இருவரும் ஓப்பனிலேயே நிற்பார்கள். ஒரே கிளையன்ட் இருந்தால் இது எப்போதும் நடக்கும், உடனே கண்டுபிடித்துவிடலாம். சரியான வரிசையில் திறக்கும் இன்னொரு கிளையன்ட் நடுவில் வந்தால் வொர்க்கர் விடுபட்டு, முதல் கிளையன்டையும் விடுவித்துவிடும். அதனால்தான் இது எப்போதாவது வரும் கோளாறுபோல் வேடம் போடுகிறது. இரு பக்கமும் ஒரே வரிசையில் திறக்கட்டும். ஷெல்லில் ரீடைரக்‌ஷன்கள் இடமிருந்து வலமாகத் திறக்கப்படும் என்பதால் குறிகளை எழுதும் வரிசைதான் ஓப்பன் வரிசை.

இதன் பெரியப்பா முறை உறவு, நிரம்பிய பஃபர்: கிளையன்ட் பதிலைப் படிக்காமல் கட்டளைகளை அனுப்பிக்கொண்டே போகும், வொர்க்கர் பதில் எழுத இடமில்லாமல் நிற்கும், கட்டளை பைப்பும் நிரம்பும். 65,536 பைட் வரை ஒன்றும் தெரியாது என்பதால் சிறிய சோதனைத் தரவில் இது வரவே வராது. எஃப்_செட்பைப்_எஸ்இசட் மூலம் கொள்ளளவைக் கூட்டுவது நாளைக்குத் தள்ளிப்போடுவதுதான். போல் அழைப்பை வைத்து இரண்டு முனைகளையும் கவனியுங்கள்.

*பைப் பிறக்கும் முன் எழுதுவது.* பைப்பை உருவாக்குவது வொர்க்கரின் வேலையாக இருக்க வேண்டாம். இருவருக்கும் முன்னால் ஓடும் ஒன்று அதை ஒருமுறை உருவாக்கட்டும், பிறகு யாரும் அழிக்க வேண்டாம். ஐநோடு சிக்கலும் இதோடு தீரும். கிளையன்டில் ‘பைப்தானா’ என்று டெஸ்ட் கட்டளையால் சரிபார்ப்பது நல்லதே, ஆனால் சரிபார்த்ததற்கும் திறப்பதற்கும் நடுவிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. சி நிரலில் ஓ_கிரியேட் இல்லாமல் திறந்தால் பைப் இல்லாதபோது பிழை வரும், கோப்பு உருவாகாது. ஷெல்லில் ‘டிடி’ கட்டளையின் ‘நோகிரியேட்’ மாற்றம் அதே பாதுகாப்பைத் தரும்.

இத்தனையும் செய்தபின் எஃப்லாக், நீளத் தலைப்பு, ஆளுக்கொரு பதில் பைப் என்று குவிந்துவிட்டால், ஒரே கணினியில் உள்ள ப்ராசஸ்களை இணைக்கும் யூனிக்ஸ் டொமைன் சாக்கெட்டுக்கு மாறுவதை நான் தயங்காமல் சொல்வேன். ஒவ்வொரு கிளையன்டுக்கும் தனி இணைப்பு, சாக்_செக்பாக்கெட் வகையில் செய்தி எல்லையும் காக்கப்படும்.

படி 6: தீர்ந்ததா என்று சோதித்தல்

‘இன்று முழுக்க வரவில்லை’ என்பது சோதனை ஆகாது. படி 4-இல் போட்ட அதே தாமதத்தைத் திருத்திய நிரலின் மீதும் போடுங்கள். முன்பு எல்லா முறையும் விழுந்தது இப்போது ஒருமுறைகூட விழக் கூடாது. திருத்தத்தால் அந்த க்ளோஸ் அழைப்பே இல்லாமல் போயிருந்தால் தாமதத்தைப் பக்கத்து அழைப்புகளுக்கு, அதாவது ரீட்டுக்கும் கிளையன்டின் ரைட்டுக்கும், மாற்றுங்கள். பிறகு பத்து கிளையன்ட்கள், ஒவ்வொன்றும் ஆயிரம் செய்தி. ஒவ்வொரு செய்தியிலும் அனுப்புபவரின் பிஐடி, வரிசை எண், உடலின் நீளம், செக்சம். வொர்க்கர் பக்கத்தில் ஒவ்வொரு பிஐடிக்கும் 1 முதல் 1000 வரை விடுபடாமல், இரட்டிக்காமல், வரிசை மாறாமல் வந்திருக்கிறதா என்று எண்ணுங்கள். செய்தியின் நீளத்தை 4095, 4096, 4097 என்று எல்லையின் இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒருமுறை ஒரே கோரில், ஒருமுறை எல்லா கோர்களிலும், ஒருமுறை சுமை ஏற்றும் கருவியான ஸ்ட்ரெஸ்-என்ஜி பின்னணியில் இயந்திரத்தைத் திணறடிக்கும்போது. ஓட்டும் கட்டளையை டைம்அவுட்டுக்குள் வையுங்கள், ஹேங் ஆனால் 124 என்ற எக்ஸிட் கோடு காட்டிக்கொடுக்கும். அந்த 124 வரும் நாளில் ப்ராசஸ் கொல்லப்படும் முன் டபிள்யூசானையும் எல்எஸ்ஓஎஃப் வெளியீட்டையும் சேமிக்கும் நான்கு வரிகளையும் அதே ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.